குட்டைக் கம்பி, நெட்டைக் கம்பி

சாயங்காலம் வண்டியைக் கொட்டகைக்குள் ஏற்றி நிறுத்தியதும் வண்டியக்காவுக்கு முதலில் வருவது பசியும் இல்லை, தூக்கமும் இல்லை, எரிச்சல்தான். நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்தவள் காலை நீட்டி உட்காரலாம் என்று பார்த்தால், அதற்கும் முன்னால் ஒரு வேலை குத்துக்கல்லாட்டம் நிற்கும். மற்ற பேட்டரி வண்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்ததும் சார்ஜரைச் சுவரில் செருகிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். இந்த வீட்டில் அப்படி இல்லை. இந்த வீட்டில் எதுதான் சுலபமாக நடந்திருக்கிறது, இது மட்டும் நடக்க.

வண்டியக்கா என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பெயர். அதுவே தெருவுக்கும் பெயராகிவிட்டது. காலையில் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளியில் விட வேண்டும். நடுவில் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களை ஏற்றி இறக்க வேண்டும். மூன்று மணி அடித்ததும் மறுபடி பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வீடு வீடாக இறக்க வேண்டும். ஒருத்தன் செருப்பை விட்டுவிட்டு இறங்குவான், ஒருத்தி இறங்கவே மாட்டேன் என்று கம்பியைக் கட்டிக்கொள்வாள். எல்லாம் முடிந்து வருவதற்குள் இடுப்பு அவளுடையதா இல்லை வேறு யாருடையதா என்று சந்தேகம் வந்துவிடும்.

குத்துக்கல்லாட்டம் நிற்கும் அந்த வேலை என்ன என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதைக்குள் அது குறுக்கே வந்துகொண்டே இருக்கும். பின் இருக்கைக்குக் கீழே நான்கு பேட்டரி. ஒவ்வொன்றும் பன்னிரண்டு வோல்ட். மோட்டாருக்கு நாற்பத்தெட்டு வேண்டும். ஆகவே வண்டி ஓடும்போது ஒன்றின் மைனஸை அடுத்ததன் பிளஸோடு இணைத்து, நான்கையும் வரிசையாகக் கோத்துவிட வேண்டும். அதற்கு மூன்று குட்டைக் கம்பிகள். ஆனால் வீட்டில் இருக்கும் சார்ஜர் பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பிறந்தது. நாற்பத்தெட்டை அதனால் நிமிர்ந்துகூடப் பார்க்க முடியாது. ஆகவே சார்ஜ் ஏற்றும்போது குட்டைக் கம்பிகள் மூன்றையும் கழற்றிவிட்டு, நான்கு பிளஸையும் ஒரு நெட்டைக் கம்பியிலும், நான்கு மைனஸையும் இன்னொரு நெட்டைக் கம்பியிலும் சேர்க்க வேண்டும். அப்போது நான்கும் சேர்ந்து ஒரே பெரிய பன்னிரண்டு வோல்ட் பேட்டரியாக நிற்கும். மெக்கானிக்குகள் முதலாவதை சீரிஸ் என்பார்கள், இரண்டாவதை பேரலல் என்பார்கள். இந்த வீட்டில் குட்டை, நெட்டை. சாயங்காலம் குட்டை கழற்றி நெட்டை போட வேண்டும், விடிந்ததும் நெட்டை கழற்றி குட்டை போட வேண்டும். மழை பெய்தாலும் சரி, காய்ச்சலடித்தாலும் சரி.

இதைச் செய்கிறவள் வண்டியக்கா இல்லை, அவள் மாமியார். அத்தை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, சைக்கிள் டியூப் சுற்றிய ஸ்பேனரைக் கையில் எடுத்தால், பக்கத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

"உனக்கு இது வராதுடி. நீ போய் மூஞ்சியைக் கழுவு" என்பாள்.

"எனக்கு எங்க வரப்போகுது, அத்தை" என்று இவளும் தட்டாமல் குழாயடிக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு நன்றாகவே வரும். அத்தைக்குச் சளி பிடித்துப் படுத்திருந்த நாட்களில் இவளே மாற்றியிருக்கிறாள். அதை இரண்டு பேருமே பேசுவதில்லை.

இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்து வைத்தவன் அவள் புருஷன். ஒருநாள் இடி இறங்கி, வண்டியோடு வந்த சார்ஜர் புகைந்துபோனது. வண்டி ஓட்ட வருவதற்கு முன்னால் அவன் கார் பட்டறையில் வேலை பார்த்தவன். அந்தப் பட்டறை மூலையில் கிடந்த பழைய பன்னிரண்டு வோல்ட் சார்ஜரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். அது ஒரு ஆள் கனம். செம்புக் கம்பியை வெட்டி, முனைக்கு முனை மாட்டுவதற்கு வளையக் காது வைத்து, நெட்டையும் குட்டையும் செய்து, "பத்து நாள் பொறுத்துக்குங்க, புதுசு வாங்கிடறேன்" என்றான். பத்து நாள் என்று சொல்லி வீட்டுக்குள் நுழைந்த எது திரும்பிப் போயிருக்கிறது. அடுத்த வருஷம் அவனுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். குனிய முடியாமல் போனது. வண்டியை அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவன் கொட்டகையில் நாற்காலியில் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல, அவன் அம்மா கம்பியை மாற்றினாள்.

"முதல்ல மூணு குட்டையையும் கழட்டும்மா. ஒவ்வொண்ணா டப்பாக்குள்ள போடு. மூணு தடவை சத்தம் கேக்கணும். கேட்டப்புறம்தான் நெட்டையைத் தொடணும். ஒரு குட்டை மாட்டியே இருந்துச்சுன்னா, நெட்டை போட்டதும் பேட்டரி தன்னைத்தானே கடிச்சுக்கும்."

"கடிச்சா என்னடா ஆகும்?"

"கம்பி உருகும். கையும் உருகும்."

அவன் போன பிறகும் அத்தை அப்படியே செய்தாள். டங், டங், டங். பழைய பிஸ்கட் டப்பா. அந்த மூன்று சத்தமும் கேட்டால்தான் வண்டியக்காவுக்கு நாள் முடிந்த மாதிரி இருக்கும். பிறகு இரண்டு பேரும் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து ஆளுக்கொரு டம்ளர் டீ குடிப்பார்கள். பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இராது. பல் விழுந்த பிள்ளை எது, எந்த வீட்டம்மா இன்றைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், இவ்வளவுதான். அத்தை எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டுவாள். சில நாள் "ம்" வராது. பார்த்தால் டம்ளரைப் பிடித்தபடியே கண் அசந்திருப்பாள்.

அத்தைக்கு மூத்த மகன் ஒருவர் இருக்கிறார், வண்டியக்காவுக்கு மூத்தார். பஸ்ஸில் அரை நாள் தூரம். ஒரு கம்பெனியில் சரக்கறை பார்க்கிறார். தங்கமான மனுஷன், அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். தம்பி இறந்ததிலிருந்து வாரம் தவறாமல் போன் செய்து அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தனி அறை இருக்கிறது, படியேற வேண்டாம், பேத்திக்கும் பேச்சுத் துணை என்பார். ஒவ்வொரு தடவையும் அத்தையின் பதில் ஒன்றுதான்.

"நான் வந்துட்டா இவளுக்குக் கம்பி யாருடா மாத்துவா?"

இதைக் கேட்கும்போதெல்லாம் அடுப்படியில் நிற்கும் வண்டியக்காவுக்கு நின்ற மூச்சு திரும்ப வரும். பிள்ளை குட்டி என்று எதுவும் அவளுக்கு இல்லை. அம்மா வீடு என்றும் ஒன்று இல்லை. அது எப்போதோ அண்ணன்களின் வீடாகிவிட்டது. அத்தையும் போய்விட்டால் அந்த இரண்டு அறையில் அவளும் சுவர்ப் பல்லியும்தான். ஊரார் பிள்ளைகளை எல்லாம் வீட்டில் சேர்த்துவிட்டு வந்து, தான் மட்டும் பேச்சுமூச்சில்லாத வீட்டுக்குள் நுழைய வேண்டும். அவள் பயந்தது வேலைக்கு இல்லை, அதற்குத்தான்.

போன வருஷம் புது சார்ஜர் வாங்கக் கையில் காசு இருந்தது. கடைக்காரர் எடுத்தும் வைத்திருந்தார். அவள் அதை வாங்காமல் கொட்டகைக்குத் தகரம் மாற்றினாள். தகரம் ஒழுகியது உண்மைதான். ஆனால் தகரத்துக்காகத்தான் சார்ஜரை விட்டாளா என்று யாராவது கேட்டிருந்தால் அவள் முகத்தில் ஈயாடியிருக்காது. நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை.

அத்தை தளர்ந்துகொண்டிருந்தாள். அது கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. முன்பெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை, இப்போது டீயை இரண்டாம் தடவை சுடவைக்கும்வரை இழுத்தது. வாளியிலிருந்து எழ இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பேனரைத் திருப்பும்போது நடுவில் நிறுத்தி, எங்கேயோ பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். வண்டியக்கா இதையெல்லாம் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயசானால் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நமக்கு வசதியான பொய் எப்போதும் வாசலிலேயே தயாராக நிற்கும்.

ஒருநாள் சாயங்காலம், மழை விட்டிருந்த நேரம். வண்டியக்கா குழாயடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். டங். டங். தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். என்னவோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. உடம்பு இருந்த அசதியில் என்ன குறைகிறது என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. துண்டை எடுக்கத் திரும்பினாள்.

கொட்டகைக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் அடித்தது. கூடவே சட்டென்று ஒரு வெடிச் சத்தம், தீய்ந்த வாடை. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. துண்டோடு ஓடினாள். அத்தை வாளியோடு மல்லாந்து கிடந்தாள். நெட்டைக் கம்பியின் ஒரு காது உருகி, பேட்டரி முனையில் மெழுகு மாதிரி ஒட்டியிருந்தது. நடுக் குட்டைக் கம்பி கழற்றப்படாமல் அதே இடத்தில் மாட்டியிருந்தது. தோல் கருகுமளவுக்கு அது சுட்டது. வண்டியக்கா கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நெட்டையைப் பிடித்து இழுத்துப் பிய்த்தாள்.

"அத்தை. அத்தை, என்னைப் பாருங்க."

"ஒண்ணுமில்லடி. கை வழுக்கிடுச்சு."

வலது உள்ளங்கையில் விரலடியிலிருந்து மணிக்கட்டுவரை வெந்திருந்தது. அத்தை அதை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். வலிக்கிறது என்று சொல்லவில்லை. அதுதான் வண்டியக்காவைப் பயமுறுத்தியது.

பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் அத்தையை நடுவில் உட்காரவைத்து டாக்டரிடம் போனார்கள். கட்டுப்போட்ட நர்ஸ், "இந்த வயசுல இவங்களை எதுக்கும்மா கரண்ட் வேலைக்கு விடறீங்க?" என்றாள். வண்டியக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மூத்தார் போன் செய்தார், எப்போதும்போல நலம் விசாரிக்க. அத்தை இடது கையால் போனை இவளிடம் நீட்டிவிட்டாள்.

நடந்ததைச் சொன்னால் நாளைக்கே வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நான்தான் மாமா தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். "இன்னைக்கு நான் கம்பி மாத்தினேன். ஒண்ணைக் கழட்ட மறந்துட்டேன். அத்தை பக்கத்துல நின்னாங்க, அவங்க கையில பட்டுடுச்சு."

அத்தை நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். பிறகு தன் கைக்கட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

பொய் சொன்னாலும் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும். இவள் அத்தையைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னாள். மூத்தாருக்கோ வேறு மாதிரி கேட்டது. அம்மா பக்கத்தில் நின்றும் இவளால் சரியாக மாற்ற முடியவில்லை. அம்மா இல்லாவிட்டால் இவள் கதி என்ன ஆகும். அம்மா இத்தனை நாளும் வர மறுத்ததில் நியாயம் இருக்கிறதே. அந்த மனுஷன் வாரக் கடைசி வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. லீவு போட்டுக்கொண்டு, மனைவியோடு, மடியில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"என்ன மாமா இது?"

"பிரிச்சுப் பாரு."

உள்ளே நாற்பத்தெட்டு வோல்ட் சார்ஜர். புத்தம் புதுசு. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"கடையில நிறைய விசாரிச்சுட்டுத்தான் வாங்கினேன். உன் வண்டிக்குச் சரியா இருக்கும்னான். இனிமே ஒண்ணையும் கழட்ட வேணாம், மாட்ட வேணாம். குட்டை அப்படியே கிடக்கட்டும். இதைக் குத்திட்டு நீ பாட்டுக்குத் தூங்கலாம்."

"அப்போ நெட்டை?" என்றாள் அத்தை.

"தூக்கிப் போடும்மா. இனிமே அது எதுக்கு?"

மூத்தார் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு தானே கொட்டகைக்குள் போனார். செருகியைக் குத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மெல்லிசாக ஒரு விசிறிச் சத்தம். அவ்வளவுதான். டீ டம்ளரைக் கையில் எடுத்து ஒரு வாய் குடிப்பதற்குள் முடிந்துவிட்டது. அவர் மனைவி, அதாவது வண்டியக்காவின் ஓரகத்தி, "இதுக்காகவா இத்தனை வருஷம் பாடுபட்டீங்க?" என்று வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பில் கள்ளம் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். வண்டியக்காவும் சிரித்தாள். அவளுக்கு மட்டும் உள்ளே சப்பென்று போய்விட்டது.

"என்னம்மா, இனிமே சாக்குச் சொல்ல முடியாது. நாளைக்குக் காலையில கிளம்பலாமா?"

அத்தை கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருமகளைப் பார்த்தாள். மருமகள் சட்டென்று எழுந்து டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"சரிடா" என்று அத்தை சொன்னது அங்கே கேட்டது.

மூத்தாரும் மனைவியும் கடைத்தெருப் பக்கம் போனார்கள். வண்டியக்கா அத்தையின் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். எத்தனை துணி இருக்கும், எண்ணிப் பார்த்தால் ஒரு பையைத் தாண்டாது. மாத்திரை, மூக்குக் கண்ணாடி, அவன் போட்டோ ஒன்று. போட்டோவை எந்தப் பக்கம் வைத்தாலும் கண்ணாடி உடைந்துவிடும்போல இருந்தது. வெளியே எடுத்தாள், துணிக்கு நடுவில் செருகினாள், மறுபடி வெளியே எடுத்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அத்தையைக் காணோம் என்று கொட்டகைக்குப் போய்ப் பார்த்தாள். அத்தை வழக்கமான இடத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். செய்ய ஒன்றும் இல்லை. சார்ஜர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வெயில் இன்னும் தகரத்து விளிம்பில் இருந்தது. வண்டியக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிடக் காத்திருக்கிறவர்கள் மாதிரி கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்தார்கள்.

பேச வேண்டும் என்றால் இப்போதுதான். இதைவிட்டால் நாளைக்குப் பஸ் வந்துவிடும்.

"போகாதீங்க அத்தை."

அத்தை கைக்கட்டின் நுனியை நீவிக்கொண்டிருந்தாள்.

"கம்பிக்காகச் சொல்லல. கம்பி எக்கேடும் கெட்டுப் போகட்டும். எனக்கு இந்த வீட்ல தனியா இருக்க பயமா இருக்கு. உங்களை விட்டா எனக்கு யாரும் இல்ல. நான் வேணா மாமாகிட்ட பேசறேன். நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம். சும்மா உட்கார்ந்திருங்க, அது போதும்."

இவ்வளவு வருஷத்தில் அவள் அத்தையிடம் தனக்கென்று கேட்டது இது ஒன்றுதான். 

"தெரியும்டி" என்றாள் அத்தை. "தெரிஞ்சதாலதானே இத்தனை நாள் இருந்தேன். போன வருஷம் நீ ஏன் சார்ஜர் வாங்கலன்னு எனக்குத் தெரியாதா? தகரம் ஒழுகுச்சாம் தகரம்."

வண்டியக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்குக் கை வழுக்கலம்மா" என்றாள் அத்தை.

"தெரியும் அத்தை. எண்ணிக்கை விட்டுப்போச்சு. யாருக்கும் ஆகும்."

"விட்டுப்போகல. நான் எண்ணவே இல்ல." அத்தையின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ரெண்டைக் கழட்டினேன். மூணாவது இருக்குன்னு கண்ணுக்குத் தெரியுது. அதைக் கழட்டக் கை போகல. போதும்னு இருந்துச்சு. என்ன ஆனா என்னன்னு இருந்துச்சு. அப்படியே நெட்டையை எடுத்து வச்சுட்டேன்."

 அந்த இரண்டு சத்தமும் வண்டியக்காவின் காதில் விழுந்ததுதானே. என்னவோ குறைகிறது என்று தோன்றியும் அவள் துண்டை எடுக்கத் திரும்பினாள் அல்லவா.

"அத்தை."

"சாகணும்னெல்லாம் இல்லடி, பயப்படாதே. களைப்பு. அவ்வளவுதான். அவனைப் பெத்து, வளர்த்து, படுக்கையில பார்த்து, அனுப்பி வச்சேன். அப்புறம் நீ வெளிய போய்ட்டு வர்ற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டே இருக்கேன். வண்டிச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு மூச்சு. காலையில எழுந்ததும் குட்டை, சாயங்காலம் நெட்டை. எனக்கு எங்கேயாவது போய்ப் படுத்துக்கணும்மா. யாரும் எனக்காகக் காத்திருக்கக் கூடாது, நானும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. பெரியவன் வீட்ல அது கிடைக்கும். அங்க நான் இல்லேன்னாலும் எல்லாம் நடக்கும்."

வேறு என்ன சொல்லியிருந்தாலும் வண்டியக்கா மறுபேச்சுப் பேசியிருப்பாள். மகன் கூப்பிடுகிறான், பேத்தி ஏங்குகிறாள், உன்னோடு ஒத்துவரவில்லை, எதைச் சொல்லியிருந்தாலும் காலில் விழுந்தாவது நிறுத்தியிருப்பாள். களைப்பு என்று சொன்னால் என்ன செய்வது. அது என்ன என்று அவளுக்குத் தெரியாதா. ஒவ்வொரு நாளும் வண்டியிலிருந்து இறங்கும்போது முட்டியிலிருந்து நெஞ்சுவரை ஏறுவது அதுதானே.

"நீ போகச் சொல்லு" என்றாள் அத்தை. "அவன் கூப்பிட்டான்னு போனா எனக்கு அங்கேயும் தூக்கம் வராது. நீ சொன்னாத்தான் போவேன்."

வண்டியக்கா அத்தையின் கட்டுப்போடாத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் முட்டிகளெல்லாம் ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போயிருந்தன. ரொம்ப நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தாள். சொல்லாமலே இருந்துவிட முடியும். ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் இந்த மனுஷி இங்கேயேதான் இருப்பாள், டம்ளரைப் பிடித்தபடி கண் அசருவாள், வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு ஆசை வந்ததையும் அவள் மறைத்துக்கொள்ளவில்லை, அழுதாள்.

"போங்க அத்தை" என்றாள். "போய் நல்லாப் படுத்துத் தூங்குங்க."

மறுநாள் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பிள்ளையாக அத்தையையும் வண்டியில் ஏற்றினாள். மூத்தாரும் மனைவியும் முன்னாலேயே பஸ் நிலையத்துக்கு நடந்துவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு அத்தையின் கட்டைத் தொட்டுப் பார்த்தன.

"பாட்டி, நீங்க எந்த ஸ்கூல்?"

"நான் பாஸாகிட்டேன். எனக்கு இனிமே லீவு."

"எத்தனை நாள் லீவு?"

"முழுசா."

"குடுத்து வச்சவங்க" என்றான் ஒருவன், பெரிய மனுஷன் மாதிரி. வண்டியக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பஸ் நிலையத்தில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. பின்னால் பிள்ளைகள் கத்தின, பள்ளிக்கு மணி அடித்துவிடும். அத்தை இறங்கி, இவள் கன்னத்தைத் தொட்டு, "நேரத்துக்குச் சாப்பிடு" என்றாள். அவ்வளவுதான். வேறெதையும் பேச இரண்டு பேருக்கும் நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. அன்று முழுக்க வண்டியக்கா ஒழுங்காகத்தான் ஓட்டினாள். எந்தப் பிள்ளையையும் வீடு மாற்றி இறக்கவில்லை.

சாயங்காலம் வண்டியைக் கொட்டகைக்குள் விட்டாள். சார்ஜரைச் செருகினாள். விளக்கு எரிந்தது. பூட்டைத் திறந்தால், உள்ளே காலையில் அவள் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. வெளிச்சம் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. முகம் கழுவினாள். டீ போட்டாள். கொட்டகை வாசலில் உட்கார்ந்து பாதி குடித்ததும் போனை எடுத்து மூத்தார் வீட்டுக்கு அடித்தாள். ஓரகத்திதான் எடுத்தாள்.

"வந்து சேர்ந்துட்டோம்மா. பஸ்லயே தூங்கிட்டாங்க. வந்ததும் ரெண்டு வாய் சாப்பிட்டுப் படுத்தவங்க இன்னும் எழுந்திரிக்கல. குழந்தை போய்ப் போய் எட்டிப் பாக்குது. இப்படிக்கூட ஒருத்தர் தூங்குவாங்களா?"

 அத்தையின் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்றுதான் வண்டியக்கா போன் செய்திருந்தாள். இன்றைக்கு எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தது என்று சொல்ல வேண்டும். "ம்" என்று ஒரு சத்தம் வந்தால் அதுவே போதும்.

"எழுப்பட்டுமா? நீன்னா எழுந்துடுவாங்க" என்றாள் ஓரகத்தி.

"வேணாம்க்கா" என்றாள் வண்டியக்கா. "தூங்கட்டும்."